முள்ளிப்பட்டு காவ்யாவுக்கு நிறுத்தப்பட்ட ரத்தம்

அனுப்புநர்
பொ. தமிழ்ச்செல்வி, வயது 21,
த/பெ பொன்னுசாமி,
கொசப்பாளையம், ஆரணி,
திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவண்ணாமலை.

நகல்: இணை இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்.

பொருள்: தலசீமியா நோயுள்ள ஒன்பது வயதுக் குழந்தைக்கு அனுமதியற்ற 'ஜீன் ஊசி' போடுவதற்காக ரத்தம் ஏற்றுவது நிறுத்தப்பட்டது – இரண்டாம் ஊசி 20.11.2025 வியாழக்கிழமை போடப்பட இருப்பது – அதற்கு முன் குழந்தைக்கு ரத்தம் கிடைக்கவும் மையத்தைச் சோதனையிடவும் கோருவது – மனுதாரர் இதில் தன் பங்கை ஒப்புக்கொள்வது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குறைதீர் நாளில் இவ்வளவு நீளமான மனுவைப் படிக்கத் தங்களுக்கு நேரம் இருக்காது என்று தெரியும். அதனால் வேண்டியதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். முள்ளிப்பட்டில் வீட்டுத் தறியில் பட்டு நெய்யும் திரு. ஜெகநாதன், திருமதி பரிமளா ஆகியோரின் மகள் காவ்யாவுக்கு உடனே ரத்தம் ஏற்ற வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்ற வேண்டிய குழந்தை. கடைசியாக ஏற்றியது அக்டோபர் 8. இந்த மனுவை எழுதும் இன்றைக்கு முப்பத்தொன்பது நாள் ஆகிறது. பெற்றோர் அவளைக் கவனிக்காமல் விடவில்லை. குணமாகும் என்று நம்பி நிறுத்தியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குக் காரணமானவர்களில் நானும் ஒருத்தி.

1. நான் ஆரணியில் பட்டுச் சேலைகளுக்கு டிசைன் வரைந்து, ஜக்கார்டு அட்டை அடித்துக் கொடுக்கும் கடையில் வேலை செய்கிறேன். பிளஸ் டூவில் கணினிப் பிரிவு. உயிரியல் படித்ததில்லை. மரபணுப் பொறியியல் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்கள், ஆய்வுக் கட்டுரைகள், வெளிநாட்டுப் பேராசிரியர்களின் காணொளிகள் வழியே நானே கற்றுக்கொண்டது. நான்கு வருடமாக இதுதான் எனக்குச் சினிமா, கிரிக்கெட் எல்லாம். மரபணுத் திருத்தத்தால் ரத்த நோய்க்கு வந்த முதல் சிகிச்சைக்கு வெளிநாட்டில் அனுமதி கிடைத்தது என்ற செய்தி வந்த அன்று, கடையில் நான் போட்ட சத்தத்தில் முதலாளி திரு. சந்திரமோகன் பயந்துபோய், "இன்னாம்மா, யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார். இதை எழுதுவது பெருமைக்காக இல்லை ஐயா. அந்தச் சத்தம் எங்கே போய் முடிந்தது என்று தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

2. தலசீமியா எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமக்கும் புரதத்தைச் செய்ய ஒரு மரபணு இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு உண்டு. திரு. ஜெகநாதனிடமும் திருமதி பரிமளாவிடமும் ஒரு பிரதி நல்லது, ஒரு பிரதி பழுதானது. அதனால் அவர்கள் இருவருக்கும் நோய் இல்லை. காவ்யாவுக்கு இரண்டு பக்கமிருந்தும் பழுதானதே வந்துவிட்டது. இது யாருடைய குற்றமும் இல்லை. அவள் உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைச் செய்துகொள்ளாது. பிறந்த எட்டாவது மாதத்திலிருந்து வேலூர் அரசு மருத்துவமனையில் இலவசமாக ரத்தம் ஏற்றுகிறார்கள். ஏற்றிய ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை இறக்க மாத்திரையும் கொடுக்கிறார்கள். அங்கே அவளை எல்லாருக்கும் தெரியும். இந்த ஏற்பாட்டில்தான் அவள் நான்காம் வகுப்பு வரைக்கும் வந்திருக்கிறாள்.

3. 'ஜீன் தறி' என்ற பெயரில் நான் ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறேன். இந்த ஆண்டு ஏப்ரலில் மரபணுத் திருத்தம் பற்றிப் பதினான்கு நிமிடக் காணொளி ஒன்று போட்டேன். நம் ஊர் ஆட்களுக்குப் புரிய வேண்டும் என்று ஜக்கார்டு அட்டையை உதாரணமாக எடுத்துக்கொண்டேன். தாங்கள் பார்த்திருக்கலாம். தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். அதில் துளை போட்ட அட்டைகள் சங்கிலி போலக் கோத்துத் தொங்கும். எந்த இழை மேலே போக வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்பதைத் துளைகள்தான் சொல்லும். ஒரு அட்டையில் துளை தப்பாக விழுந்தால் மயிலின் கழுத்து ஒடிந்துபோகும். அந்த ஒரு அட்டையைக் கழற்றிவிட்டுச் சரியானதை மாட்டினால் அடுத்த மயில் ஒழுங்காக வரும். மரபணுவும் இப்படித்தான், கிரிஸ்பர் என்பது அந்த ஒரு அட்டையைத் தேடிப்பிடித்து வெட்டும் கத்தரிக்கோல் என்று சொன்னேன். வழிகாட்டி ஆர்.என்.ஏ. என்ற சிறு துண்டு, வெட்ட வேண்டிய இடத்தின் எழுத்துகளோடு பொருந்திப் போய் ஒட்டும். அதோடு சேர்ந்த காஸ்-9 என்ற புரதம் அங்கே வெட்டும். வெட்டுப்பட்ட இடத்தை உயிரணு தானே ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டும்போதுதான் மாற்றம் நடக்கும். இது வரைக்கும் நான் சொன்னது சரி.

4. பாதிக்கு மேல், உதாரணம் எங்கே பொருந்தாது என்றும் சொல்லியிருந்தேன். கத்தரிக்கோல் அதே மாதிரி எழுத்துகள் உள்ள வேறு இடத்திலும் வெட்டிவிடலாம். வெட்டியதைப் பழையபடி ஆக்கும் வழி கிடையாது. உண்மையான தலசீமியா சிகிச்சை கையில் குத்தும் ஊசி அல்ல. நோயாளியின் ரத்தத்தை உருவாக்கும் மூல உயிரணுக்களை வெளியே எடுப்பார்கள். ஆய்வகத்தில் திருத்திப் பல வாரம் சோதிப்பார்கள். எலும்புக்குள் மிச்சம் இருக்கும் பழைய உயிரணுக்களைக் கடுமையான மருந்தால் அழித்த பிறகுதான் திருத்தியதைத் திருப்பி ஏற்றுவார்கள். மாதக்கணக்கில் தனி அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். இன்னொரு விஷயம், இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் புல்லரிக்கிறது: அங்கே அவர்கள் பழுதான மரபணுவைத் தொடுவதே இல்லை. குழந்தை வயிற்றில் இருக்கும்போது வேறொரு வகைப் புரதம் ரத்தத்தில் ஓடும். பிறந்த பிறகு அது அணைந்துவிடும். அணைக்கும் சுவிட்சை வெட்டிவிட்டு அதைத் திரும்ப ஓட வைக்கிறார்கள். பழைய அட்டையை அப்படியே விட்டுவிட்டு, ஓரமாகக் கட்டி வைத்த வேறொரு டிசைனை அவிழ்த்து விடுவது மாதிரி. இதை எல்லாம் ஒன்பதாவது நிமிடத்துக்குப் பிறகுதான் சொன்னேன். அது வரைக்கும் யாரும் பார்ப்பதில்லை என்பது சேனல் நடத்துகிற எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

5. இந்த ஆண்டு ஆகஸ்டில் களம்பூர் சாலையில் வாடகை மாடி ஒன்றில் 'ஆதிஜீன் புத்துயிர் மையம்' திறக்கப்பட்டது. வியாழக்கிழமை மட்டும் இயங்குகிறது. நடத்துபவர் பெயர் அன்புச்செல்வன். பலகையில் டாக்டர் என்று இருக்கிறது, பதிவு எண் இல்லை. கூடத்தில் ஒரு பெரிய டிவி. அதில் நாள் முழுவதும் ஓடுவது என்னுடைய காணொளி. பதினான்கு நிமிடத்தில் நாற்பத்தெட்டு வினாடியை மட்டும் வெட்டி எடுத்து, கீழே அவர்கள் முத்திரையைப் போட்டிருக்கிறார்கள். அந்த நாற்பத்தெட்டு வினாடியில் நான் சிரித்துக்கொண்டே, "ஒரே ஒரு அட்டைங்க, அதை மாத்துனா போதும்" என்கிறேன். கடைசி வாக்கியம், "ஆனா தறி ஓடும்போது மாத்த முடியாது, முதல்ல தறியை நிறுத்தணும்" என்பது.

6. அந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை ஐயா. தறியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், வாய்க்கு வந்தது, சொன்னேன். ஆனால் அந்த மையத்தில் ஊசிக்கு முன் ரத்தம் ஏற்றக் கூடாது, இரும்பை இறக்கும் மாத்திரையும் கூடாது, 'அடுத்தவர் ரத்தம் உள்ளே இருந்தால் புது ஜீன் பிடிக்காது' என்று சொல்கிறார்கள். வேறு ஊரில் யாரிடமாவது இப்படிச் சொல்லியிருந்தால், எட்டு வருடமாக ஏற்றுகிற ரத்தத்தை ஏன் நிறுத்த வேண்டும் என்று ஒருவராவது கேட்டிருப்பார். இங்கே யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் முள்ளிப்பட்டில் யாரைக் கேட்டாலும் தெரியும், அட்டை மாற்றும்போது தறி நிற்க வேண்டும். ஓடுகிற தறியில் கையை வைத்தால் நீளவாக்கில் கட்டிய பாவு இழை அறுந்து ஒரு வாரம் வீணாகும். சின்ன வயதிலிருந்து கையில் பழகிய விஷயம் இது. அதனால் திரு. ஜெகநாதனுக்கு அந்த மையம் சொன்னது புதிதாகவே தோன்றவில்லை.

7. தீபாவளி முடிந்த வியாழன், அக்டோபர் 23 அன்று, காவ்யாவுக்கு முதல் ஊசி போடப்பட்டது. இரண்டு நாள் காய்ச்சல். மையத்தில் கேட்டதற்கு "அட்டை மாறுது, அதான் சூடு" என்றார்களாம். அக்டோபர் 29 அன்று வேலூருக்குப் போக வேண்டிய முறை. போகவில்லை. நவம்பர் 14 அன்று பள்ளியில் குழந்தைகள் தின விழா நடந்தது. காவ்யா ஆட்டத்தில் இரண்டாவது வரிசை. பாட்டு தொடங்கியதும் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆசிரியை தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். அன்று சாயங்காலம் திருமதி பரிமளா, கணவரிடம் சொல்லாமல், அவளை ஆரணியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குக் கூட்டிப் போனார். ஹீமோகுளோபின் 5.8. அவளுக்கு அது ஒன்பதுக்குக் கீழே இறங்கக் கூடாது. அந்தச் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு நேராக எங்கள் கடைக்கு வந்தார். டிசைன் கொடுக்க வருகிறவர் என்று நினைத்து நான் எழுந்தேன். அவர் சீட்டை மேசை மேல் வைத்து, "தமிழு, நீ படிச்சிகினு இருப்பியே, இது நல்லதா கெட்டதா, அதை மட்டும் சொல்லு" என்றார். அந்த மையத்தில் என் காணொளி ஓடுகிறது என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

8. மறுநாள், சனிக்கிழமை காலை, முள்ளிப்பட்டுக்குப் போய்த் திரு. ஜெகநாதனைப் பார்த்தேன். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. பேசியதை உள்ளபடியே எழுதுகிறேன். அவர் மேல் கோபம் வரக் கூடாது, அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

"நீதானம்மா சொன்ன. உன் வீடியோவ நான் பத்து தபா பாத்துகினு இருந்தேன். இப்ப நீயே வந்து வேணாங்கற. இன்னா, அவனுங்க உனுக்கு ஒண்ணும் தரலியா?" என்றார்.

அது தப்பு அண்ணா, நான் சொன்னதில் பாதியைத்தான் போடுகிறார்கள் என்றேன்.

"தறி ஓடும்போது எங்கனா அட்டை மாத்துவாங்களா? நீயே சொல்லு."

குழந்தை தறி இல்லை அண்ணா என்றேன். அவர் ஊடை இழை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தார்.

"சரி. தப்பாவே போவட்டும். பழைய அட்டைய மாட்டிக்கினு பழையபடி ஓட்டறோம். வேலூர் இன்னா ஓடிப்போயிடுமா?"

அப்போதுதான் ஐயா, என் உதாரணம் அவருக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எனக்கு உறைத்தது. வெட்டியதைத் திரும்ப மாட்ட முடியாது என்று நான் சொன்ன ஒன்பதாவது நிமிடம் அவரிடம் வந்து சேரவே இல்லை.

9. கடைசியாக அவர் தொழிலிலிருந்தே கேட்டேன். புது டிசைன் வந்தால் யாரும் எடுத்தவுடன் முழுச் சேலை ஓட்ட மாட்டார்கள். பழைய பாவின் மிச்சத்தில் ஒரு ஜாண் சாம்பிள் நெய்து, முதலாளி அதைப் பார்த்து முனையில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புதுப் பாவில் ஏற்றுவார்கள். இந்த ஊசிக்கு யார் சாம்பிள் ஓட்டினார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்டேன். மருத்துவத்தில் அதற்குப் பெயர் சோதனைக் கட்டங்கள், அறநெறிக் குழு. விலங்குகளில் பார்த்து, நோய் முற்றிய சில பெரியவர்களில் பார்த்து, ஒவ்வொரு படியிலும் வேறு ஆட்கள் சரிபார்த்து, கடைசியில்தான் குழந்தைகளுக்கு வரும். அவர் சொன்னார்:

"அது சேலைம்மா. சேலைக்கு டைம் இருக்குது. நீ சொல்ற அந்த நெஜ வைத்தியம் எங்க புள்ளைக்கு எந்த ஜென்மத்துல வரும்? அதச் சொல்லு. நிறுத்திடறேன்."

10. அந்தச் சிகிச்சை உலகத்திலேயே சில மருத்துவமனைகளில்தான் இருக்கிறது. நெசவாளர் யாரும் நினைத்துப் பார்க்க முடியாத செலவு. நான் நான்கு வருடமாகக் கொண்டாடிய விஞ்ஞானம் முள்ளிப்பட்டுக்கு வந்து சேரவில்லை. அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு அந்த மையம்தான் வந்திருக்கிறது. நல்லது வராத இடத்தில்தான் போலி வந்து உட்காருகிறது. திரு. ஜெகநாதனின் கேள்விக்குத் தங்களிடமாவது பதில் இருக்குமானால், தயவுசெய்து அவரிடமே நேரில் சொல்லுங்கள். நான் சொன்னால் இனி நம்ப மாட்டார்.

11. காவ்யாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆராய்ச்சி என்று வந்தால், ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடம் வாய்மொழியாகவாவது சம்மதம் கேட்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறையில் இருக்கிறது. நான் கேட்டேன். அவள் முகம் மஞ்சள் கலந்த வெளுப்பாக இருந்தது. பேசும்போது நடுவில் மூச்சு வாங்கினாள். "ஊசி போட்டுட்டா அப்புறம் வேலூர் போவ வேணாமாம் அக்கா. ஆனா அங்க நர்சக்கா எனுக்கு ஸ்டிக்கர் தருவாங்க, அதுக்கு இன்னா பண்றது?" என்றாள். ஊசி வேண்டுமா என்று கேட்டதற்கு, "அப்பாவுக்கு வேணும்" என்றாள்.

12. அன்றே மதியம் மையத்துக்குப் போனேன். வியாழன் அல்லாததால் கூட்டம் இல்லை. புதிதாகப் பெயர் எழுத வந்த இரண்டு குடும்பம் மட்டும் இருந்தது. சுவரில் வெள்ளைப் பலகையில் வருகிற வியாழனுக்கான குழந்தைகளின் பெயர்கள்: பதினொன்று. எட்டாவது பெயர் காவ்யா. ஐஸ்கிரீம் கடையில் இருக்குமே, அந்த மாதிரிக் குளிர்பெட்டி ஒன்று மூலையில் இருந்தது. அதன் கண்ணாடி வழியே சின்னச் சின்னக் குப்பிகள் தெரிந்தன. மருந்தின் பெயர் இல்லை, தயாரித்தவர் பெயர் இல்லை, தேதி இல்லை. 'ஜி-2' என்று பேனாவில் எழுதிய ஒட்டுத்தாள் மட்டும் இருந்தது. அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொன்னேன். திரு. அன்புச்செல்வன் அந்த இரண்டு குடும்பத்தின் பக்கம் திரும்பி, "இவங்கதாங்க டிவில வர்ற மேடம். இவங்க பேச்சைக் கேட்டுத்தான் பாதி பேரு வந்தீங்க, கை குடுங்க" என்றார். அவர்களில் ஒரு அம்மா எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நல்லா இருப்ப கண்ணு" என்றார். நான் இது பொய் என்று கத்தினேன். அவர் கையை விடவில்லை. திரு. அன்புச்செல்வன் சிரித்துக்கொண்டே, "நீ வீடியோல சொல்றத நாங்க செஞ்சி காட்டறோம். பொறாம படாத, போம்மா" என்றார்.

13. பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் தாளின் பிரதியைத் திருமதி பரிமளா காட்டினார். முழுக்க ஆங்கிலம். திரு. ஜெகநாதனுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். இது ஒரு ஆராய்ச்சி என்றும், விளைவுக்கு மையம் பொறுப்பல்ல என்றும், குழந்தையின் ரத்த மாதிரி மையத்துக்கே சொந்தம் என்றும் அதில் இருக்கிறது. ஆராய்ச்சி என்றால் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தப் பதிவேடு இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக் கூடியது. மையத்தின் பெயரிலும் நடத்துபவர் பெயரிலும் தேடினேன், எதுவும் கிடைக்கவில்லை. நான் தேடியதில் தவறு இருக்கலாம். தங்கள் அலுவலகம் ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

14. இந்தக் குப்பிகளில் உண்மையிலேயே மரபணுவைத் திருத்தும் பொருள் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வெறும் உப்புத் தண்ணீராகவும் இருக்கலாம். தண்ணீராக இருந்தால் ரத்தம் நிறுத்தியதே அவளைக் கொல்லும். தண்ணீராக இல்லாவிட்டால், உடம்பில் எந்த உயிரணுவில் எங்கே வெட்டியது என்று யாருக்கும் தெரியாத ஒரு வெட்டு அவளுக்குள் இருக்கிறது. இந்த இரண்டில் எதுவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வது, எனக்குத் தெரியவில்லை.

ஆகவே ஐயா, தங்களிடம் நான் கேட்பவை:

அ) வியாழன் வரைக்கும் காத்திருக்காமல், சுகாதாரத் துறையின் மருத்துவர் ஒருவரை முள்ளிப்பட்டுக்கு அனுப்பிக் காவ்யாவுக்கு ரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்ய வேண்டும். வருகிறவர் திட்டக் கூடாது. தமிழில் பேசட்டும், உட்கார்ந்து பேசட்டும்.

ஆ) மேற்படி மையத்தில் அனுமதியை, குப்பிகளை, பதிவேட்டைச் சோதனையிட வேண்டும். பலகையில் உள்ள மற்ற பத்துக் குழந்தைகளுக்கும் எதை நிறுத்தியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று எனக்குத் தெரியாது.

இ) திரு. ஜெகநாதன், திருமதி பரிமளா மீது எந்த வழக்கும் வேண்டாம். அவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள்.

ஈ) என் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தாங்கள் கருதினால் எடுக்கலாம். எதிர்மனுதாரர்களாக முதலாவதாக மையத்தையும் இரண்டாவதாக 'ஜீன் தறி' சேனலையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் காணொளியை எடுத்துவிட்டேன். ஆனால் வெட்டிய நாற்பத்தெட்டு வினாடி வாட்ஸப்பில் போய்க்கொண்டேதான் இருக்கிறது. அதை என்னால் நிறுத்த முடியவில்லை.

இணைப்பு: 14.11.2025 ரத்தப் பரிசோதனைச் சீட்டின் நகல். ஒப்புதல் தாளின் ஒளிப்படம். வெள்ளைப் பலகையின் ஒளிப்படம். முழுக் காணொளியும் வெட்டிய காணொளியும் உள்ள பென் டிரைவ் ஒன்று. வேலூர் மருத்துவமனையின் ரத்தம் ஏற்றிய அட்டையின் நகல் (திருமதி பரிமளா கொடுத்தது).

இதைப் படிக்கும் நேரத்துக்குள் ஒரு தொலைபேசி அழைப்பாவது போட்டுவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஆரணி
நாள்: 16.11.2025

தங்கள் உண்மையுள்ள,
பொ. தமிழ்ச்செல்வி
(கைப்பேசி எண் உறையின் மேல் உள்ளது)

கையால் எழுதிச் சேர்ப்பது – 17.11.2025, திங்கள், காலை 10.50, ஆட்சியர் அலுவலக வரிசையில்:

ஐயா, மேலே உள்ள வேண்டுகோள் (அ) இனித் தேவையில்லை. இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது காவ்யா வாசல்படியில் உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. திரு. ஜெகநாதனே 108-ஐக் கூப்பிட்டிருக்கிறார். கூடப் போன திருமதி பரிமளாதான் எனக்குப் போனில் சொன்னார். இப்போது வேலூரில் சேர்த்திருக்கிறார்கள். ரத்தம் கொண்டுவரப் போயிருக்கிறார்கள். மருத்துவர் கேட்கும் ஒரே கேள்வி: அக்டோபர் 23 அன்று உடம்பில் போனது என்ன? அது தெரிந்தால்தான் எதைக் கவனித்துப் பார்ப்பது, எதற்குத் தயாராக இருப்பது என்று சொல்ல முடியும் என்கிறாராம். அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே இடம் களம்பூர் சாலை மாடியில் இருக்கும் குளிர்பெட்டி.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். சனிக்கிழமை அந்த மையத்திலிருந்து வந்த கோபத்தில், சேனலில் நேரலை போட்டு, திங்கட்கிழமை ஆட்சியரிடம் போகிறேன், மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று பேசிவிட்டேன். எனக்கு அப்போது கைதட்டல் கிடைத்தது. திரு. அன்புச்செல்வனும் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பார்த்திருக்கிறார். இன்று காலை மையத்தைக் காலி செய்துகொண்டிருக்கிறார்கள்.

மருந்தின் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும் என்று திரு. ஜெகநாதன் மொபெட்டில் அங்கே போயிருக்கிறார். ஐந்து நிமிடத்துக்கு முன் எனக்குப் போன் செய்தார். சனிக்கிழமைக்குப் பிறகு அவர் என்னோடு பேசியது இப்போதுதான். "பொட்டிய வேன்ல ஏத்தறானுங்கம்மா. நான் குறுக்க நின்னுகினு இருக்கேன். ஜல்தி யாரையாவது வரச் சொல்லு" என்றார். பின்னால் யாரோ அவரை நகரச் சொல்லிக் கத்துவது கேட்டது.

எனக்கு முன்னால் வரிசையில் நாற்பத்தாறு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு முன்னால் வந்துகொண்டிருக்கிறேன். எல்லாரும் வழி விடுகிறார்கள். இந்தத் தாள் தங்கள் கைக்கு வந்தவுடன் ஆரணியிலிருந்து ஒருவரை, யாராக இருந்தாலும் பரவாயில்லை, சீருடையில் இருக்கும் ஒருவரை அனுப்புங்கள். அவர் அங்கே தனியாக நிற்கிறார்.

பொ. தமிழ்ச்செல்வி
திருவண்ணாமலை, 17.11.2025